இரண்டு ஷிப்டுத் தண்ணீர்

கடல் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். பழவேற்காட்டுக்குப் போனால் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டு வரலாம். அப்படியிருக்க, கடலை விலைக்கு வாங்கிக் கூடத்தில் வைப்பானேன் என்று நான் கேட்டேன். என் மனைவி, "அங்க போனா தண்ணிதான் தெரியுது. உள்ள இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த மாதம் கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவி இருந்த இடத்தில், மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. டிவி படுக்கையறைக்குப் போனது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவள் இப்படி ஆசைப்பட்டுக் கேட்கிறவள் இல்லை. திருவள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் அவளுடைய அக்காவுக்காகக் காத்திருந்தபோது, அங்கே இருந்த உப்புத் தண்ணீர்த் தொட்டியை மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசினாள். அவள் வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில், தரம் பார்க்கும் மேஜையில். வட்ட விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்னப் பாகங்கள் வரிசையாக வரும். கீறல், நெளிவு, நிறம் மாறியது, எதுவாக இருந்தாலும் இவள் கண்ணுக்குத் தப்பாது. "நாள் முழுக்க கொற கண்டுபுடிச்சிகினே கீறேன். ஊட்டுக்கு வந்தா கொற சொல்லாம பாக்கறதுக்கு ஒண்ணு வேணும்" என்றாள். கூடத்தில் அந்த நேரம் நானும் உட்கார்ந்துதான் இருந்தேன். அதை நான் சுட்டிக்காட்டவில்லை.

தொட்டிக்குள் பாறை, நாலைந்து மென்பவளம், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கடல்சாமந்தி. அது பூ இல்லை, உயிர். பாறையில் காலை ஊன்றிக்கொண்டு நூறு விரல்களை விரித்து ஆட்டும், மீன்கள் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கடைக்காரர் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார். இவள் 'பூவு' என்றே கூப்பிட்டாள். வேலை விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல், "பூவு இன்னா பண்ணுது?" என்று கேட்டுக்கொண்டுதான் செருப்பை விடுவாள்.

தொட்டி வைத்துக் கொடுத்தவர் அந்தக் கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர். தண்ணீரைச் சோதிக்க ஒரு சின்னப் பெட்டி கொடுத்தார். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டு எண்ணி விட்டால் நிறம் மாறும். அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் தண்ணீர் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்று தெரியும். பழுப்படித்தால் எண் குறைவு, ஊதாவானால் அதிகம். வாரம் ஒரு முறை போதும் என்றார். எட்டே கால் பக்கத்தில் நின்றால் நல்லது என்றும் சொன்னார்.

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருஷமாக நான் பாய்லர் பார்க்கிறவன். பாய்லர் என்றால் நெருப்பு என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது தண்ணீர். தண்ணீர் கெட்டால் குழாய் கெடும், குழாய் கெட்டால் கம்பெனி நிற்கும். மணிக்கு ஒரு தரம் எடுத்துப் பார்த்து, எண் இறங்கினால் மருந்து போட்டு, அடுத்த மணிக்குள் ஏற்றி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குப் போய் ஒருவர் தண்ணீர் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறாரே என்று இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினேன்.

முதல் எட்டு மாதம் எந்தச் சிக்கலும் இல்லை. அப்போது எனக்குப் பகல் ஷிப்டு. ஞாயிறு சாயங்காலம் இருவருமாக உட்கார்ந்து சோதிப்போம். எட்டே காலோ எட்டு புள்ளி மூன்றோ வரும். தேநீர் குடித்துவிட்டு எழுந்துவிடுவோம்.

பிறகு எங்கள் பாய்லரில் இன்னொரு ஆள் வேலையை விட்டுப் போனார். அவருக்குப் பதில் ஆள் கிடைக்கும் வரை நீ இரவைப் பார்த்துக்கொள் என்றார்கள். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை, வார விடுமுறையும் கிடையாது. நான் எட்டரைக்கு வீட்டுக்கு வருவேன். அவள் ஏழு மணிக்கே கம்பெனி பஸ்ஸில் ஏறியிருப்பாள். சாயங்காலம் நான் ஏழு மணிக்குக் கிளம்புவேன், அவள் ஏழே காலுக்கு வருவாள். ஞாயிற்றுக்கிழமை நான் வரும் நேரத்தில் அவள் கறிக்கடையில் நிற்பாள். வந்து சமைத்து முடிக்கும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன், எழுந்ததும் ஷிப்டுக்குக் கிளம்பத்தான் நேரம் இருக்கும். மகளும் கோயம்புத்தூரில் படிக்கப் போய்விட்டதால் எங்கள் இருவருக்கும் நடுவே அந்த வீட்டில் இருந்தது தொட்டி மட்டும்தான்.

இரவு ஷிப்டு தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு காலை, வந்ததும் வராததுமாகத் தண்ணீரைச் சோதித்தேன். வேலையிலிருந்து வந்த கை அது, சும்மா இருக்கத் தெரியாது. ஏழு புள்ளி எட்டு. எட்டு மாதத்தில் அப்படி ஓர் எண்ணைப் பார்த்ததே இல்லை. மறுபடி எடுத்தேன். அதே ஏழு புள்ளி எட்டு. எனக்குக் கை பரபரத்தது. சமையல் சோடாவை வாணலியில் போட்டு வறுத்தால் அது வேறு சோடா ஆகும், தண்ணீரின் எண்ணைச் சட்டென்று ஏற்றும். அது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. அரை ஸ்பூன் கரைத்து ஊற்றினேன். அரை மணியில் எட்டு புள்ளி ஒன்று. நிம்மதியாகத் தூங்கினேன்.

அன்று சாயங்காலம் அவளும் சோதித்திருக்கிறாள். தொட்டியில் ஏதோ வித்தியாசமாகத் தெரிந்ததாம். எட்டு புள்ளி ஐந்து வந்திருக்கிறது. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, ஒரு மூடி வினிகரை ஒரு சொம்புத் தண்ணீரில் கலந்து மெல்ல விட்டிருக்கிறாள். மறுநாள் காலை எனக்கு மறுபடி ஏழு புள்ளி எட்டு. நான் மறுபடி வாணலியை அடுப்பில் வைத்தேன்.

தொலைபேசியில் பேசினால் சண்டை வருகிறது என்று ஒரு நோட்டுப் போட்டேன். கம்பெனியில் இருப்பது போலவே கோடு கிழித்துத் தேதி, ஷிப்டு, எண், போட்ட மருந்து, கையெழுத்து. என் வரியில் 'இரவு' என்று எழுதுவேன், அவள் வரியில் 'பகல்'. தொட்டியின் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். எழுதாமல் யாரும் எதையும் போடக்கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதினேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

சரியாகவில்லை. நோட்டில் சண்டை வந்தது. "7.8. நேற்று நீ அட்டையைச் சரியாகப் பார்க்கவில்லை. வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கவும்" என்று நான் எழுதினேன். அதற்குக் கீழே, "8.4. நிறம் பார்த்துதான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். மருந்தை எண்ணி விடவும்" என்று அவள் எழுதினாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எண்ணி விடுவதற்கு எனக்கா சொல்லித் தர வேண்டும்? மறுநாள், "கை நடுங்கும் வயது இன்னும் ஆகவில்லை" என்று எழுதினேன். அவள், "கண் மங்கும் வயது ஆகிவிட்டது போல" என்று எழுதினாள்.

எந்தக் கம்பெனியிலும் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்டு மாறி வந்து பார்க்கும்போது எண் கெட்டிருந்தால், அதற்குக் காரணம் முந்தைய ஷிப்டுக்காரன்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒட்டிக்கொள்ளும். நானும் அவளும் ஆளுக்கு இருபது வருஷம் அந்த வழக்கத்தில் ஊறியவர்கள். எனக்கு முந்தைய ஷிப்டு அவள், அவளுக்கு முந்தைய ஷிப்டு நான். நோட்டைப் புரட்டிப் பார்த்திருந்தால் இரவு எல்லாம் கீழே, பகல் எல்லாம் மேலே என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். நாங்கள் நோட்டைத் திட்டுவதற்கு மட்டும்தான் திறந்தோம்.

இதற்கிடையே தொட்டியில் வெள்ளைப் பொடி படிய ஆரம்பித்தது. பம்பின் மேல், ஹீட்டரின் மேல், பாறையின் மேல் சுண்ணாம்பு அடித்தது போல ஒரு படலம். பாய்லரில் இதைக் கண்டால் நான் போட்ட மருந்துக் கணக்கைத்தான் முதலில் பார்ப்பேன். இங்கே அவளைக் குற்றம் சொன்னேன். பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. நான்காவது மாதத்தில் பூ விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு பாறையை விட்டுக் காலை எடுத்துக்கொண்டு, தொட்டி முழுவதும் ஊர்ந்து திரிந்தது. அது இடம் மாறினால் தண்ணீர் பிடிக்கவில்லை என்று அர்த்தமாம். செத்துப் போனால் மொத்தத் தண்ணீரும் நஞ்சாகி மீன்களும் போய்விடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மீன்கள் படுக்க இடம் இல்லாமல் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நோட்டில் எண் எதுவும் இல்லை. அவள் கையெழுத்தில் இரண்டே வரி. "ஞாயிற்றுக்கிழமை எல்லாத்தையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதையும் குறை பார்த்துப் பார்த்து எனக்கு முடியவில்லை."

அதைப் படித்துவிட்டு நான் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஒன்றுதான். மெனக்கெட்டு அதைக் கெடுத்திருக்கிறோம். யார் கெடுத்தது என்று அப்போதும் எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதை மறைப்பானேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எதிர்பாராமல் லீவு கிடைத்தது. வருஷத்துக்கு ஒருமுறை பாய்லரை அணைத்து, குளிரவிட்டு, திறந்து காட்ட வேண்டும். அதிகாரி வந்து உள்ளே புகுந்து தட்டிப் பார்ப்பார். சனிக்கிழமை அணைத்தோம். குளிரும் வரை எனக்கு வேலை இல்லை. நான்கு மாதத்துக்குப் பிறகு, முழுதாக ஒரு நாள் இருவரும் ஒரே வீட்டில்.

ஆடி மாதம் அது. ஞாயிறு என்றால் பெரியபாளையத்து அம்மனைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோடு மத்தியானம் வரை அசையாது. மூன்று மணிக்குமேல் ஆட்டோ வைத்துக்கொண்டு போகலாம் என்று அவள் சொன்னாள். மீனுக்குத் தனிப் பை, பூவுக்குத் தனி டப்பா எல்லாம் முதல் நாளே எடுத்து வைத்திருந்தாள். காலை ஆறு மணிக்கு நான் எழுந்து சோதனைப் பெட்டியை எடுத்தேன். அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"குடுக்கறதுன்னு முடிவாயிட்ச்சு. இன்னும் இன்னாயா அதுல?"

"நீ வந்து உன் கண்ணால பாரு. நாலு மாசமா என்னிய எண்ணத் தெரியாதவன்னு எழுதிகினு கீற."

வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சொட்டுகளை உரக்க எண்ணினேன். நிறம் பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே நின்றது. அவள் அட்டையை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய், குழாயைச் சாய்த்து, நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"ஏழு எட்டு," என்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு அடக்க முடியவில்லை. எட்டு மணிக்கு மறுபடி எடுத்தேன், பத்து மணிக்கும் எடுத்தேன். இரண்டும் ஏழு புள்ளி எட்டு. ஒவ்வொரு தடவையும் குழாயைச் சமையலறை வரை தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். கடைசியில் அவள், "சரிய்யா, நான் குருடி. அத்த ஓரமா வச்சிட்டு வெங்காயம் உரி" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பியவளின் கண் கலங்கியிருந்தது வெங்காயத்தால் இல்லை. ஜெயித்துவிட்டு அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்தது கிடையாது. அன்று காலை நான் சோடாவும் போடவில்லை. கொடுத்துவிடப் போகிற தொட்டிக்கு எதற்கு?

பன்னிரண்டு மணிக்குத் தொட்டி விளக்கு தானாக எரிந்தது. அவள் வேலை விட்டு வந்து இரவு பத்து வரை பார்க்க வேண்டும் என்று அப்படி நேரம் வைத்திருந்தோம். சாப்பிட்டோம். இரண்டரை மணிக்கு அவள் பூவை எடுக்க டப்பாவில் தொட்டித் தண்ணீரை மொண்டாள். மொண்ட கை அப்படியே குழாயிலும் கொஞ்சம் ஊற்றியது. வேலைப் பழக்கம்தான், ஒரு பொருள் மேஜையை விட்டுப் போகும் முன் கடைசியாக ஒருமுறை பார்ப்பார்கள். சொட்டு விட்டாள், குலுக்கினாள், அட்டையில் வைத்தாள்.

"இன்னாயா இது. எட்டு ஒண்ணு."

நான் குழாயைப் பிடுங்கிப் பார்த்தேன். எட்டு புள்ளி ஒன்றுதான்.

"எதையோ ஊத்திட்டியே நீ" என்று கத்தினேன்.

"காலையிலேர்ந்து உன் கண்ணு முன்னாலதான் உக்காந்துகினு கீறேன். எப்ப ஊத்துனேன், சொல்லு."

அவள் ஊற்றவில்லை, நானும் ஊற்றவில்லை. யாரும் தொடாத தண்ணீர் தானாக ஏறியிருந்தது. இருவரும் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டோம். தெருமுனையில் வந்து நின்ற ஆட்டோக்காரருக்குப் போன் செய்து, வேண்டாம் அண்ணே என்று அவளே சொன்னாள்.

நான்கு மணிக்கு எடுத்தோம். எட்டு புள்ளி இரண்டு. ஆறு மணிக்கு எட்டு புள்ளி மூன்று. ஒவ்வொரு முறையும் ஒருவர் சொட்டு விட, மற்றவர் நிறம் பார்த்தார். அவள் கண் உண்மையிலேயே என்னுடையதைவிடக் கூர்மை. எனக்கு ஒரே நிறமாகத் தெரிந்த இரண்டு குழாய்களில் எது முந்தையது என்று அவள் சரியாகச் சொன்னாள். அவளும் நான் சொட்டு விடுவதைப் பார்த்துவிட்டு, "ஒவ்வொண்ணும் ஒரே அளவா வுழுது. எனக்கு அப்டி வர்ல" என்றாள். நாலு மாதம் எழுதியதை இருவரும் அப்படித்தான் வாபஸ் வாங்கினோம்.

ஆறு மணி எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தொட்டிக்குள் எல்லாமே உயிர். விளக்கு எரியும்போது பாறையில் இருக்கிற பாசியும், பூவுக்குள் குடியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத பாசியும் தண்ணீரில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துத் தின்கின்றன. விளக்கு அணைந்தால் தின்ன ஆள் இல்லை. மீனும் பூவும் பாறையும் விட்ட மூச்சு இரவெல்லாம் தண்ணீரிலேயே சேரும். கோலி சோடா புளிக்கிற மாதிரி தண்ணீர் கொஞ்சம் புளிக்கும். காலையில் எண் இறங்கி நிற்கும், சாயங்காலம் ஏறிவிடும். தினமும் இப்படித்தான். நீராவி போய்த் தண்ணீராகித் திரும்பி வரும் குழாய்களை இதே வாயு அரித்துத் தின்பதை நான் இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. ஆனால் என் பாய்லருக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. அதனால் எனக்குத் தோன்றவே இல்லை. இதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

"அப்ப நீ பாத்ததும் சரி, நான் பாத்ததும் சரி," என்றாள்.

"ஆமா."

"தண்ணிக்கு ஒண்ணும் ஆவல."

"ஆவல. நாமதான் ஆக்கினோம்."

எவ்வளவு ஆக்கினோம் என்று பார்க்கக் கடைக்காரர் கொடுத்து நாங்கள் பிரிக்காமலே வைத்திருந்த இன்னொரு பெட்டியைப் பிரித்தேன். தண்ணீருக்கு அமிலத்தைத் தாங்கும் சக்தி எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். சொட்டு எண்ணிக்கொண்டே போனேன். எட்டு ஒன்பதில் நிறம் மாற வேண்டியது, பதினாறில் மாறியது. வறுத்த சோடா அத்தனையும் அங்கேதான் இருந்தது. அவள் விட்ட வினிகர் இரண்டு நாளில் காணாமல் போயிருக்கும், என் சோடா எங்கேயும் போகவில்லை. பாறையில் படிந்த சுண்ணாம்பும் என் கைங்கரியம்தான். பெரும்பாவி நான் என்று அப்போது தெரிந்துகொண்டேன். அதை அவளிடம் சொன்னேன். அவள், "வுடுய்யா, நானும்தானே ஊத்தினேன்" என்றாள்.

என் கை மறுபடி பரபரத்தது. தொட்டியில் எத்தனை லிட்டர், பதினாறை ஒன்பதாக்க எவ்வளவு அமிலம், நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கே போட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிடலாம் என்றேன். அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். உள்ளே போய் ஒரு மஞ்சள் அட்டையில் பெரிய எழுத்தில் 'ஹோல்ட்' என்று எழுதிக் கொண்டு வந்து, தொட்டிக் கண்ணாடியில் ஒட்டினாள். அவள் கம்பெனியில் சந்தேகத்துக்கு இடமான பெட்டியில் அந்த அட்டையைக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் முதலாளியே வந்தாலும் அதைத் தொடக்கூடாது.

"எவ்ளோ நாளு?" என்று கேட்டேன்.

"கெடுக்க நாலு மாசம் ஆச்சில்ல."

சோடா டப்பாவும் வினிகர் பாட்டிலும் பக்கத்து வீட்டுக்குப் போயின. அதன் பிறகு நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று. வாரத்துக்கு ஒரு வாளி. முதல் நாளே நல்ல தண்ணீரில் உப்பைக் கரைத்துச் சுழலவிட்டு, தொட்டியின் உப்பும் சூடும் அதிலும் இருக்கிறதா என்று பார்த்து, பழைய தண்ணீரில் ஒரு வாளியை எடுத்துவிட்டு இதை மெல்ல விடுவோம். ஞாயிறு சாயங்காலம் மட்டும், ஒரே நேரத்தில், அவள் சோதிப்பாள். பதினாறு பதினைந்தாயிற்று. அடுத்த வாரம் பதினாலரை. நான் காலையில் வந்து தொட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். ஒன்றும் செய்யாமல் நிற்பதைவிடக் கஷ்டமான வேலையை எந்தக் கம்பெனியிலும் எனக்குக் கொடுத்ததில்லை.

ஐந்தாவது வாரம் பூ சுற்றுவதை நிறுத்தி, பழைய பாறைக்குப் பக்கத்துப் பாறையில் காலை ஊன்றியது. ஏழாவது வாரம் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு, பாய்லருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு ஒரு படம் வந்தது. விரல்கள் அத்தனையும் விரிந்திருந்தன. இரண்டு மீன்களும் உள்ளே. படத்தோடு அவள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நான் அதை அங்கிருந்த எல்லோரிடமும் காட்டினேன். சாம்பல் அள்ளுகிற வடநாட்டு ஆள்கூட வாங்கிப் பார்த்துவிட்டு நல்லா இருக்கிறது என்று தலையாட்டினார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை காலை எட்டரைக்கு வழக்கம்போல வந்து கதவைத் திறந்தேன். கூடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி யூனிபார்ம் போட்டு, தலை வாரி, பை தோளில் மாட்டியபடி. பஸ் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

"பூவா?" என்று கேட்டேன். தொட்டியின் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"பூவு நல்லாத்தான் கீது," என்றாள். "பஸ்ஸ உட்டுட்டேன்."

"ஏன், ஒடம்பு சரியில்லியா?"

"இல்ல. தொட்டித் தண்ணி காலையில எப்டி இருக்கும்னு பாத்தேன் இல்ல அன்னிக்கி. நீ காலையில எப்டி வரன்னு ஒரு நாளும் பாத்ததில்லியேன்னு தோணிச்சி. பாக்கலாம்னு உக்காந்துட்டேன்."

நான் வாசலிலேயே நின்றேன். சட்டையெல்லாம் கரி, கண் எரிச்சல், கையில் காலிச் சாப்பாட்டு டப்பா. அவள் எழுந்து வந்து, என்னை மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் பார்த்தாள்.

"தெனமும் இப்டித்தான் வரியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் பையைக் கழற்றி வைத்துவிட்டு, "உக்காரு, தோச ஊத்தறேன்" என்று அடுப்பங்கரைக்குப் போனாள்.